ஊரவை தேர்ந்த படைத்தலைவர்
மெக்சிகோவின் மொரேலோஸ் மாநிலத்து அனெனெகுயில்கோ என்னும் சிற்றூரில் 1879இல் பிறந்தவர் எமிலியானோ சபாட்டா. ஆயுதமேந்திய இயக்கங்கள் பெரும்பாலும் ஏழை உழவரின் பெயரைச் சொல்லும். உழவர் அவற்றைத் தம்முடையன என்பரோ என்பதே வினா. சபாட்டாவை 1909இல் தலைவராகத் தேர்ந்தது ஊரவை. துப்பாக்கி பின்னரே வந்தது. கரும்புப் பண்ணைகள் விழுங்கிய நிலங்களின் பழம் பட்டயங்களை ஊரார் அவரிடம் ஒப்படைத்தனர். பட்டயமுள்ள ஊர்களுக்கு நிலம் மீள வேண்டும் என்றது 1911ஆம் ஆண்டின் அயாலா திட்டம். 1915இல் நிலங்கள் அளந்தளிக்கப்பட்டன. ஆயினும், படைக்குச் சோறிட்டவையும் அவ்வூர்களே. வீரர் சிலர் பறித்துண்டதும் உண்டு. அதனை மறைத்தல் வரலாறாகாது. 1918இல் நாவாட்டில் மொழியிலும் அவர் பெயரால் அறிக்கைகள் வெளிவந்தன (கவிஞர்கள் கருதத்தக்க செய்தி இது). தம் பக்கம் சேர்வதாக நடித்த குவஹார்தோவின் வஞ்சகத்தால், 1919 ஏப்ரல் 10 அன்று சினாமேக்கா பண்ணையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறக்கவில்லை என்றே உழவர் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர்.