பட்டுத்துணியில் ஒரு ஓடிபி: லியோ மார்க்ஸின் கதை

வீட்டிலிருந்தே இன்டர்ன்ஷிப் பண்ணியிருக்கீங்களா? ஆபீஸ் சாட்டுக்குள்ள போகணும்னா முதல்ல பாஸ்வேர்டு, அப்புறம் மொபைலுக்கு வர்ற ஓடிபி. அந்தப் பக்கம் இருப்பது நிஜமாவே நீங்கதானா என்று கம்பெனி இப்படித்தான் சரிபார்க்குது. இரண்டாம் உலகப் போரில் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்தான் லியோ மார்க்ஸ்.

1920-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். சின்ன வயசிலேயே எட்கர் ஆலன் போ எழுதிய ஒரு கதையைப் படித்து, ரகசியக் குறியீடுகள் மேல் பைத்தியமாகிவிட்டார். 1942-ல் எஸ்ஓஈ என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பில் சேர்ந்தார். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகளுக்குள் ஏஜெண்டுகளை பாராசூட்டில் இறக்குவது அதன் வேலை. அவர்கள் லண்டனோடு பேச முக்கிய வழி வயர்லெஸ்.

சரி, செய்தி அனுப்புவது நம்ம ஆளா, அவரைப் பிடித்து வைத்திருக்கும் எதிரியா? இதற்குத்தான் செக்யூரிட்டி செக். குறிப்பிட்ட இடத்தில் ஏஜெண்ட் வேண்டுமென்றே ஒரு எழுத்துப்பிழை விடுவார். பிழை இல்லாமல் வந்தால் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். சிம்பிளான ஐடியாதான், இல்லையா?

1942 மார்ச்சில் நெதர்லாந்தில் லாவர்ஸ் என்ற ஆபரேட்டர் பிடிபட்டார். ஜெர்மானியர்கள் மிரட்டி அனுப்பவைத்த செய்திகளில் அவர் அந்தப் பிழையை விடவே இல்லை. தன்னால் முடிந்த எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டார். ஆனால் லண்டனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து ஏஜெண்டுகளை அனுப்பினார்கள். இறங்கிய இடத்திலேயே ஜெர்மானியர்கள் காத்திருந்தார்கள்.

மார்க்ஸுக்குச் சந்தேகம் வந்தது வேறொரு விஷயத்தில். பயத்திலும் அவசரத்திலும் குறியாக்கம் செய்வதால், மற்ற நாடுகளிலிருந்து வரும் செய்திகளில் பல பிரிக்கவே முடியாமல் குழம்பிக் கிடக்கும். நெதர்லாந்திலிருந்து வருவது மட்டும் எப்போதும் சுத்தம். பதற்றமே இல்லாத ஏஜெண்ட் எப்படி இருக்க முடியும்? மேலதிகாரிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். இருபது வயசு சொச்சப் பையன் பேச்சு எடுபடவில்லை. 50-க்கும் மேற்பட்ட ஏஜெண்டுகள் பிடிபட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மவுத்தவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

இன்னொரு பக்கம், முறையையே மாற்றப் போராடினார் மார்க்ஸ். அதுவரை ஏஜெண்டுகள் மனப்பாடம் செய்த கவிதைதான் சாவி. சித்திரவதை செய்தால் அது வெளியே வந்துவிடும். பழைய செய்திகள் எல்லாம் திறந்துவிடும். அதனால் சாவிகளைப் பட்டுத்துணியில் அச்சடித்து, உடையின் உள்பக்கம் தைத்துக் கொடுத்தார். ஒரு சாவியைப் பயன்படுத்தியதும் அந்தத் துண்டை வெட்டி எரித்துவிட வேண்டும். நினைவில் இல்லாததை யாரும் அடித்துப் பிடுங்க முடியாது. ஒருமுறை மட்டும் செல்லும் உங்க ஓடிபிக்குப் பின்னால் இருப்பதும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான்.

போருக்குப் பிறகு சினிமாவுக்குத் திரைக்கதை எழுதினார். 1960-ல் வந்த பீப்பிங் டாம் அவர் எழுதியதுதான். தன் போர்க்கால அனுபவங்களை 1998-ல்தான் புத்தகமாகக் கொண்டுவர முடிந்தது. 2001 ஜனவரியில் இறந்தார்.

நாளைக்கு நீங்களும் ஒரு கம்பெனிக்கு லாகின் சிஸ்டம் கட்டலாம். போன் தொலைந்துவிட்டது, இந்த ஒரு தடவை ஓடிபி இல்லாமல் உள்ளே விடுங்க என்று வெளியூரிலிருந்து ஒரு மெசேஜ் வரும். பாவம், நம்ம ஆள்தானே என்று தோன்றும். லண்டனுக்கும் அப்படித்தான் தோன்றியது. நெதர்லாந்தில் செக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அதைப் பார்த்தவர்கள்தான் செய்யவில்லை. அதனால செக் ஃபெயில் ஆனா அடுத்து என்ன செய்யணும், யார் செய்யணும் என்பதையும் சேர்த்தே டிசைன் பண்ணுங்க.