விக்டர் ஹியூகோ கிரீன்

விக்டர் ஹியூகோ கிரீன் (நவம்பர் 9, 1892 – அக்டோபர் 16, 1960) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அஞ்சல்காரரும் பயண வழிகாட்டி நூல் பதிப்பாளரும் ஆவார். கறுப்பின வாகன ஓட்டிகளுக்கு இடமளிக்கும் தங்குமிடங்களைப் பட்டியலிட்ட கிரீன் புக் என்னும் கையேட்டை 1936 இல் தொடங்கினார்.

வாழ்க்கை

நியூயார்க் நகரில் பிறந்த இவருக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் பெயர் சூட்டப்பட்டது. நியூ செர்சி மாநிலத்தின் ஹாக்கென்சாக் நகரில் வளர்ந்து, 1913 இல் அஞ்சல்காரராகப் பணியில் சேர்ந்தார். 1918 இல் அல்மா டியூக்கை மணந்தார். பின்னர் இருவரும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குடியேறினர்.

பின்னணி

மோட்டல் என்ற பெயர் 1925 இல் கலிபோர்னியாவின் சான் லூயிசு ஒபிசுபோவில் திறக்கப்பட்ட விடுதி ஒன்றிலிருந்து பரவியது. அதைத் தொடர்ந்து நெடுஞ்சாலைகளில் பெருகிய இத்தகைய விடுதிகளில் பெரும்பாலானவை வெள்ளையரை மட்டுமே ஏற்றன. பேருந்திலும் தொடருந்திலும் நிலவிய இன ஒதுக்கலிலிருந்து தப்பவே கறுப்பின மக்கள் பலர் சொந்தமாகத் தானுந்து வாங்கினர். ஆயினும் இரவானதும் அவர்களுக்குத் தங்க இடமில்லை. உணவு, போர்வை, உபரி எரிபொருள் ஆகியவற்றை வண்டியிலேயே கொண்டு சென்றனர். பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் இருக்கக்கூடாது என்ற ஊர்களும் இருந்தன. அவற்றை அறியாமல் கடப்பது உயிருக்கே ஆபத்தானது.

கிரீன் புக்

யூதப் பயணிகளுக்கென வெளிவந்த கையேடுகளைக் கண்டு கிரீன் இம்முயற்சியில் இறங்கினார். முதல் பதிப்பு நியூயார்க் வட்டாரத்தை மட்டுமே உள்ளடக்கியது. வரவேற்பு மிகுந்ததால் அடுத்த ஆண்டே பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. பிற ஊர்களின் அஞ்சல்காரர்கள் தகவல் திரட்ட உதவினர். வீடு வீடாகச் செல்பவர்களைவிட ஊரை அறிந்தவர் யார்? விடுதியே இல்லாத ஊர்களில், தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டோரின் முகவரிகள் அச்சிடப்பட்டன. இவ்வீடுகள் பலவற்றைப் பெண்களே நடத்தினர். எஸ்ஸோ எரிபொருள் நிலையங்களிலும் நூல் கிடைத்தது. 1947 இல் தங்குமிட முன்பதிவுச் சேவை ஒன்றையும் கிரீன் தொடங்கினார். அஞ்சல் பணியில் இருந்துகொண்டே இவை அனைத்தையும் கவனித்தார். 1952 இல்தான் அப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

மறைவுக்குப் பின்

இந்நூல் தேவைப்படாத காலம் வரும் என்று தம் முன்னுரையில் கிரீன் எழுதியிருந்தார். அவர் இறந்தபின் அல்மா பதிப்பைத் தொடர்ந்தார். விடுதிகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிசார் உரிமைகள் சட்டம் 1964 இல் நிறைவேறியது; கடைசிப் பதிப்பு 1966–67 ஆம் ஆண்டுக்கு வெளிவந்தது. பழைய பதிப்புகளை நியூயார்க் பொது நூலகம் எண்ணிம வடிவில் வெளியிட்டுள்ளது.