ஆசியாவின் முதற் பதக்கமங்கை

ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண் யார் என்று வினவின், விடை கூறவல்லார் நம்மிடையே மிகச் சிலரே. அவர்தாம் யப்பானியப் பெண்மணி கினுவே ஹிதோமி. இருபத்து நான்கு ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்த அவருடைய சரிதம், இளைஞரும் பெரியோரும் ஒருங்கே சிந்தித்தற்குரியதாகும்.

1907 ஜனவரி 1ஆந் திகதி, ஒக்கயாமா மாகாணத்துக் கிராமமொன்றில் வேளாண் குடும்பத்திலே அவர் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் டென்னிஸ் ஆடிப் பழகியவர், 1924இல் தோக்கியோவில் உடற்பயிற்சிப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். 1926இல் ஒசாக்காவில் தினசரிப் பத்திரிகையொன்றில் உத்தியோகம் பெற்றார். பெண்கள் காற்சட்டையணிந்து பலர் முன்னிலையில் ஓடுவதை மானக்கேடெனக் கருதிய காலம் அது. ஏச்சும் பேச்சும் அவரைத் தொடர்ந்தன. அவரோ பயிற்சியைக் கைவிட்டாரல்லர்.

அவ்வாண்டிலேயே சைபீரியப் புகையிரத மார்க்கமாகப் பிரயாணஞ் செய்து, சுவீடன் தேசத்துக் கோதன்பேர்க் நகரில் நடைபெற்ற உலகப் பெண்கள் விளையாட்டு விழாவில், யப்பானின் ஏக பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். நீளம் பாய்தலில் 5.50 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றதுடன், தனிநபர் புள்ளிகளிலும் அவரே முன்னின்றார்.

1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக் விழாவிலேதான் மெய்வல்லுநர் போட்டிகள் முதன்முதலாகப் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஹிதோமி பெரிதும் நம்பியிருந்த 100 மீற்றர் ஓட்டத்தில் அரையிறுதியோடு தோல்வியுற்றார். வெறுங்கையுடன் ஊர் திரும்ப மனமின்றி, அதற்கு முன் எப்போட்டியிலும் ஓடியிராத 800 மீற்றர் ஓட்டத்திற் கலந்துகொண்டார். ஆகஸ்ட் 2ஆந் திகதி நடந்த இறுதியோட்டத்தில் யேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 செக்கனில் உலக சாதனையுடன் முதலாவதாக வர, 0.8 செக்கன் மாத்திரம் பிந்தி ஹிதோமி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஓடிய பெண்கள் களைத்து விழுந்தனரெனப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. அதன் விளைவாக 1960ஆம் ஆண்டு ரோமாபுரி விழா வரையில் அவ்வோட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. களைப்பு ஆடவர்க்கு வீரத்தின் அடையாளம். பெண்களுக்கோ தகுதியின்மையின் சான்று! என்னே உலக நியாயம்!

தாம் பெற்ற கீர்த்தியோடு ஹிதோமி அமைந்துவிடவில்லை. 1930இல் நன்கொடை திரட்டி, இளம் பெண்கள் ஐவரைப் பிராக் நகரில் நடந்த பெண்கள் விழாவுக்கு உடனழைத்துச் சென்றார். நீளம் பாய்தலில் மீண்டும் முதலிடம் அவருக்கே கிடைத்தது. பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஓய்வின்றிப் போட்டியிட்டுத் தாயகம் மீண்டவர் நோய்வாய்ப்பட்டார். 1931 ஆகஸ்ட் 2ஆந் திகதி, பதக்கம் வென்ற அதே திகதியில், நியூமோனியாக் காய்ச்சலால் காலமானார்.

அவருக்குப் பின் யப்பானியப் பெண்ணொருவர் மெய்வல்லுநர் துறையில் ஒலிம்பிக் பதக்கம் பெற 64 ஆண்டுகள் சென்றன. 1992இல் மரதன் ஓட்டத்தில் அதனை வென்ற யூக்கோ அரிமோரியும் ஒக்கயாமாவின் புதல்வியே. எமது இலங்கைக்கு 52 ஆண்டுகளின் பின் 2000ஆம் ஆண்டில் ஒலிம்பிக் பதக்கம் ஈட்டித் தந்த சுசந்திகா ஜயசிங்கவும் கிராமத்துப் பெண்ணன்றோ?

திரௌபதையம்மனைப் போற்றி வணங்கும் இக்கடற்கரையிலே, புத்தாண்டு விளையாட்டுப் போட்டிகளில் சிறுமியர் ஆண்பிள்ளைகளுக்கு நிகராக ஓடுகின்றனர். பருவமெய்திய பின்னரோ வேலியோரத்துப் பார்வையாளராகி விடுகின்றனர். ஓடும் ஆற்றல் அவர்களை விட்டகலவில்லை. ஓட இடமளிக்கும் மனமே நம்மை விட்டகன்றது. சங்கத்து இளைஞர்களே, அவர்களுக்கும் மைதானத்தில் ஒரு தடம் ஒதுக்குங்கள். பெரியோர்களே, அதற்கு உங்கள் ஆசியை அருளுங்கள். அன்று ஹிதோமி ஐவரை அழைத்துச் சென்றார். நாம் ஒருத்தியையேனும் அழைத்து வருவோமாக.