தமிழ்ப் பெயர் பூண்ட தவமுனிவர்

மனிதருக்குப் பெயர் சூட்டுவோர் பெற்றோர். நம் திருச்சபையில் ஞானத்தாயும் ஞானத்தந்தையும் அருகே நிற்க, குரு நம்மைப் பெயர் சொல்லி அழைத்து ஞானஸ்நானம் தருகிறார். அவ்வாறு பெற்ற பெயரை, வளர்ந்து ஆளான பின் கடல் கடந்த நாட்டில் ஒருவர் தாமே மாற்றிக்கொள்வது எளிய காரியமா? பெற்றவரையும் பிறந்த மண்ணையும் மறந்துவிட்டார் என்று உலகம் பேசாதா? இக்கேள்விகளுக்குச் சொல்லால் அன்றி வாழ்வால் விடை தந்த பெரியார் ஒருவர் உண்டு. அவரே வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் ஊர் உள்ளது. இளைஞர்களின் பாதுகாவலராகிய புனித ஞானப்பிரகாசியார் அவதரித்ததும் அவ்வூரிலேதான். அங்கே 1680 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் பிறந்த குழந்தைக்குக் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று பெயர். 1698 இல் இயேசு சபையில் சேர்ந்த அவர், குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறி 1710 இல் கோவாவை அடைந்தார். அடுத்த ஆண்டு மதுரை மறைத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவராக வந்தவர் அவர்.

அவருக்கு முன்னரே இம்மண்ணில் உழைத்த குருக்கள் ஒரு வழியைக் காட்டியிருந்தனர். 1606 இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். 1693 இல் ஓரியூரில் இரத்தம் சிந்தி வேதசாட்சியான ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். பெஸ்கியும் அவ்வழியே நடந்தார். காவியுடை தரித்தார். புலால் உணவை நீக்கினார். பெயரையும் மாற்றிக்கொண்டார்.

எப்படி மாற்றினார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். காதுக்கு இனிதாக ஏதோ ஒரு பெயரை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கான்ஸ்டன்டைன் என்னும் பெயர் உறுதி, அசையா நிலை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அப்பொருளையே தமிழர் நாவுக்கு ஏற்றபடி தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். தாய் தந்தையர் தந்த பெயர் அழியவில்லை. அது வேறு மொழியில் மறுபடி பிறந்தது. பின்னர் தைரியநாதர் என்பதும் மாறி, வீரமாமுனிவர் என்னும் பெயரே நிலைத்தது. சந்தா சாகிபு அவருக்கு இஸ்மத் சன்னியாசி என்னும் பட்டம் அளித்தார் என்றும் சொல்வார்கள். தூய துறவி என்பது அதன் பொருள். பெயரைத் தாமே சூடிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் என்று ஊரார் ஒப்புக்கொள்ள வேண்டுமே! அந்த ஒப்புதலை அவர் உழைத்துப் பெற்றார்.

உழைப்பு என்றால் சாதாரண உழைப்பா? 1714, 1715 ஆம் ஆண்டுகளில் துன்புறுத்தப்பட்டு மரண தண்டனையிலிருந்து தப்பிய அவர், நாடு திரும்பவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் மாணவராக அமர்ந்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். கற்றவர் காப்பியமே பாடிவிட்டார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. அதிலும் பெயர்களை அவர் கையாண்ட விதம் நம்மை வியக்க வைக்கிறது. எபிரேய மொழியில் ஜோசப் என்பது பெருகுதல், வளர்தல் என்னும் பொருள் தரும். ஆதலால் சூசையப்பர் வளன் ஆனார். யோவான் என்பதற்கு இறைவன் இரங்கினார் என்பது பொருள். ஆதலால் திருமுழுக்கு யோவான் கருணையன் ஆனார். தமக்குச் செய்துகொண்டதையே புனிதர்களுக்கும் செய்தார்!

அன்னை மரியாளையும் அவர் விடவில்லை. எங்கள் பண்டசோழநல்லூருக்குத் தென்மேற்கே, விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் ஆலயம் எழுப்பி, மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். மாதாவின் சுரூபத்தையும் தமிழ்ப் பெண்ணைப் போன்ற கோலத்திலேயே அமைத்தார். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்குள்ள அடைக்கல மாதாவின்மீது கலம்பகம் பாடினார்.

சிரிக்க வைக்கவும் அவருக்குத் தெரியும். பரமார்த்த குருவின் சீடர் ஐவருக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயர் வைத்தாரே, அதைப் படித்து நகைக்காத பிள்ளைகள் உண்டா? ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் இயற்றினார். 1732 இல் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளாகச் சதுரகராதியைத் தொகுத்தார். அதுவரை சொற்பொருள் அறிய நிகண்டுப் பாடல்களை நெட்டுருப் போட வேண்டும். அகர வரிசையில் தேடிப் பார்க்கும் எளிமையைத் தந்தவர் அவரே. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து, தமிழின் பெருமையைத் தம் நாட்டவர்க்கும் காட்டினார்.

இன்னொன்றும் உண்டு. முற்காலத்து ஏடுகளில் எகர ஒகரங்களுக்கும் ஏகார ஓகாரங்களுக்கும் உள்ள வேற்றுமை ஒரு புள்ளியைக் கொண்டே அறியப்பட்டது. ஓலையில் புள்ளி இட்டால் கிழியும் என்று பலர் அதை இடுவதில்லை. முனிவர் ஏ, ஓ என்னும் நெடில்களுக்குத் தனி வடிவமும் இரட்டைக் கொம்பும் வகுத்தார். எங்கள் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். தேவி, மேரி, ரோஸி, கோமதி, ஜோஸ்பின் என்னும் பெயர்களில் எல்லாம் அவர் தந்த குறி நிற்கிறது. தம் பெயரை மாற்றிக்கொண்ட அயல்நாட்டார் நம் பெயர்களைப் பிழையின்றி எழுத வழிசெய்து போனார்.

புதுவைக்கும் அவருக்கும் உறவு உண்டு. 1822 இல் அவருடைய வரலாற்றைத் தமிழில் எழுதிய வித்துவான் முத்துசாமிப் பிள்ளை புதுவையைச் சேர்ந்தவர். தேம்பாவணி 1850களின் தொடக்கத்தில் மூன்று தொகுதிகளாக அச்சேறியதும் புதுவை மிஷன் அச்சகத்தில்தான்.

பெயர் மாற்றமும் நம் மாநிலத்துக்குப் புதியதன்று. 1881 செப்டம்பர் 21 ஆம் நாளைய பிரெஞ்சு ஆணையின்படி, தம் குல வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, கதவு என்று பொருள்படும் லப்போர்த் என்னும் பெயரைப் பூண்டார். இன்றும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பல பிரான்சு தேசத்தில் வாழ்கின்றன. நாளை எங்களுள் சிலரும் அங்கே செல்லக்கூடும். எங்கள் நீண்ட பெயர்கள் அவர்கள் நாவில் நுழையாதபோது, வெட்கத்தால் அவற்றை வெட்டிச் சுருக்குவதா, பிடிவாதமாக ஒதுங்கி நிற்பதா என்னும் கேள்வி எழும்.

வீரமாமுனிவர் மூன்றாம் வழியைக் காட்டுகிறார். அவர் பெயரை மாற்றியது தம் நாட்டை எண்ணி நாணியதால் அன்று. அயலாரை ஏமாற்றுவதற்காகவும் அன்று. மறை பரப்ப வந்தவர் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. தாம் யாரிடம் வந்தாரோ அவர்கள் தம்மை எளிதாக அழைக்க வேண்டும் என்னும் அன்பே அதற்குக் காரணம். பெயரோடு நின்றிருந்தால் அது வெறும் வேடமாகியிருக்கும். முப்பத்தாறு ஆண்டுகள் அந்தப் பெயருக்கு ஏற்ப வாழ்ந்ததால் அது மெய்யாயிற்று. துறவறம் பூணும்போது புதுப் பெயர் ஏற்ற நம் அருட்சகோதரியர் பலருக்கும் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

1747 இல் கேரளத்து அம்பலக்காட்டில் முனிவர் இறைவனடி சேர்ந்தார். பிறந்த ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. 1968 இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை எழுந்தது. அதன் முன் நிற்கும் எவரும் அவரை அயலார் என்று எண்ணுவதில்லை. பெற்றோர் தந்த பெயரானாலும் நாமே தேர்ந்த பெயரானாலும், அதன் பொருளுக்கேற்ப வாழ இறைவன் நமக்கு அருள்புரிவாராக!