அழைப்புக்குப் பின் ஆயத்தம்



பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய காரிகை என்று அறிவோம். அந்த விளக்குக்கு முன்னாடி நடந்தது என்ன?

1837-ல், 16 வயதில், தேவன் தம்மை ஊழியத்துக்கு அழைத்ததை உணர்ந்தார். பணக்கார வீடு, நர்ஸ் வேலைன்னதும் பெற்றோர் சம்மதிக்கவில்லை. 14 வருஷம் பொறுத்திருந்தார்.

1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில், போதகர் பிளீட்னர் நடத்திய டீக்கனஸ் சகோதரிகள் இல்லத்தில் சுமார் மூன்று மாதம் பயிற்சி. காலை 5 மணிக்கே எழும்பணும், எளிய சாப்பாடு.

1853-ல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களின் இல்லத்துக்குக் கண்காணிப்பாளரானார். சம்பளம் கிடையாது. நோயாளி கூப்பிட மணி, சூடான சாப்பாடு மாடிக்கு ஏற லிஃப்ட் கேட்டு வாங்கினார். மறுவருஷமே 38 பேரோடு யுத்த ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வாலிபரே, அழைப்பு இருக்குதுன்னு பயிற்சியை அற்பமா எண்ணாதீங்க. பெற்றோரே, பிள்ளைகளைத் தடுக்காதீங்க. ஆமென்!