போனுக்குள் பழைய கேம் – ஆலன் டூரிங்



எங்க மாமா சின்ன வயசில் டி.வி.யில் கேசட் போட்டு ஆடிய மரியோ கேமை, நான் இப்போ டச் போனில் ஆடுகிறேன். கேசட்டே இல்லாமல் எப்படி? போனைப் பழைய கேம் பெட்டி மாதிரி வேலை செய்ய வைக்கிறது ஒரு புரோகிராம். அதன் பெயர் எமுலேட்டர்.

இந்த யோசனைக்கு வேர், ஆலன் டூரிங் என்ற கணித மேதை. 1912-ல் லண்டனில் பிறந்தார். அவருடைய அம்மா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில்! சரியான கட்டளைகள் கொடுத்தால், ஒரே இயந்திரம் மற்ற கணக்கிடும் இயந்திரங்களின் வேலையையும் செய்யும் என்று 1936-ல் காட்டினார்.

பிறகு செஸ் ஆடும் புரோகிராம் ஒன்றை எழுதினார். அதை ஓட்ட ஏற்ற கம்ப்யூட்டர் இல்லை. அதனால் 1952-ல் அவரே கம்ப்யூட்டர் மாதிரி உட்கார்ந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு நண்பரோடு ஆடினார். ஒரு காய் நகர்த்த அரை மணி நேரம் ஆச்சாம்! கடைசியில் தோற்றும் போனார்.

அதே வருஷம், இன்னொரு ஆணை நேசித்தார் என்பதற்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1954-ல், 41 வயதில் இறந்தார். 2013-ல்தான் அவருக்கு அரச மன்னிப்பு கிடைத்தது.

மரியோ செத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடலாம். டூரிங்குக்கு அது கிடைக்கலையே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி