கல்லெழுத்தைக் காத்த கைகள் – சர் வில்லியம் டக்டேல்

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் பலர். ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலர். முடியும் கொடியும் ஏட்டில் எளிதாக ஏறிவிடுகின்றன. ஒரு சிற்றூரின் வயலும் வரப்பும், கோயிற் சாளரமும் கல்லறையும் அவ்வாறு ஏறுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இக்குறையைப் போக்கத் தம் வாழ்நாளையே செலவிட்ட பெருமகனார் சர் வில்லியம் டக்டேல் ஆவார்.

இங்கிலாந்தின் சிற்றூர் வாழ்வு இரு தூண்களின்மேல் நின்றது. ஒன்று, தேவாலயத்தை நடுவாகக் கொண்ட பங்கு. மற்றொன்று, நிலக்கிழாருக்குரிய மேனர் என்னும் பண்ணை. பிறப்பும் மணமும் இறப்பும் பங்கைச் சார்ந்தவை; அவற்றைப் பதியும் ஏடுகள் 1538 முதல் வைக்கப்பட்டன. நிலமும் வாரமும் வழக்கும் மேனரைச் சார்ந்தவை. அவை மேனர் மன்றத்தின் தோற்சுருள்களில் எழுதப்பட்டன. இவ்விரண்டையும் இணைத்துப் படிப்பவருக்கே ஊரின் கதை விளங்கும். இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் டக்டேல்.

அவர் 1605 செப்டம்பர் 12ஆம் நாள் வார்விக்சயரில் ஷுஸ்டோக் என்னும் சிற்றூரில் பிறந்தார்; கோவென்ட்ரி நகரப் பள்ளியில் பயின்றார். முதுமையுற்ற தந்தையின் விருப்பப்படி 1623இல், பதினேழாம் வயதிலேயே, இல்லறம் ஏற்றார். மறு ஆண்டு தந்தை மறைந்தார். 1625இல் ஷுஸ்டோக்குக்கு அருகிலுள்ள பிளைத் மேனரை விலைக்கு வாங்கி அங்கே குடியமர்ந்தார். பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர் அவர். எனினும் கற்றோர் நட்பு அவரைக் கற்றவராக்கிற்று. லெஸ்டர்சயரைப் பற்றி 1622இல் நூல் வெளியிட்ட வில்லியம் பர்ட்டனின் பழக்கம் அவருக்கு ஆர்வத்தை ஊட்டியது. வார்விக்சயரின் பழைய ஆவணங்களைத் தேடித் திரட்டி வந்த சர் சைமன் ஆர்ச்சர் அவருக்கு உற்ற துணையானார். ஆர்ச்சர் வழியே ஸ்பெல்மன் முதலிய லண்டன் அறிஞர்களின் அறிமுகம் கிட்டியது. அதன் பயனாகக் குலச்சின்னங்களை ஆராய்ந்து பதிவு செய்யும் அரச அலுவலில் டக்டேல் அமர்ந்தார். அரசு ஆவணக் களஞ்சியங்களின் கதவுகள் அவருக்குத் திறந்தன.

அந்நாளில் மன்னர் முதலாம் சார்லசுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே பகை முற்றி வந்தது. போர் மூளுமாயின் தேவாலயங்களின் சிலைகளும் வண்ணக் கண்ணாடிகளும் கல்லறைகளும் அழியும் என்று அறிந்தோர் அஞ்சினர். சர் கிறிஸ்டோபர் ஹாட்டன் பொருளுதவி செய்ய, 1641ஆம் ஆண்டுக் கோடையில் டக்டேல் புறப்பட்டார். ஓவியர் வில்லியம் செட்ஜ்விக் உடன் சென்றார். பீட்டர்பரோ, ஈலி, நார்விச், லிங்கன், யார்க், லிச்ஃபீல்டு எனப் பேராலயம் பேராலயமாக இருவரும் சென்றனர். கல்லறை எழுத்துகளை ஒருவர் படியெடுத்தார். உருவங்களை மற்றவர் வரைந்தார்.

அச்சம் வீண்போகவில்லை. 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1643இல் பாராளுமன்றப் படையினர் பீட்டர்பரோ பேராலயத்துட் புகுந்து சாளரங்களையும் நினைவுச் சின்னங்களையும் நொறுக்கினர். லிச்ஃபீல்டு மும்முறை முற்றுகைக்கு உள்ளாகி, 1646இல் அதன் நடுக் கோபுரமே இடிந்து வீழ்ந்தது. கல் அழிந்தது, டக்டேலின் தாள் நின்றது.

போரில் அவர் மன்னர் பக்கம் நின்றார். எட்ஜ்ஹில் போர்க்களத்தில் மன்னருடன் இருந்தார். பின்னர் ஆக்ஸ்போர்டு நகரில் 1646 வரை தங்கினார். அவருடைய நிலங்கள் முடக்கப்பட்டன. தண்டம் செலுத்தியே அவற்றை மீட்க வேண்டியதாயிற்று. அத்துன்பக் காலத்திலும் அவர் சோர்ந்திருந்தாரல்லர். ஆக்ஸ்போர்டு நூலகங்களில் அமர்ந்து குறிப்பெடுத்தார்.

அவ்வுழைப்பு பிறகு கனிந்தது. ரோஜர் டாட்ஸ்வொர்த் திரட்டிய ஆவணங்களோடு தம் உழைப்பையும் சேர்த்து, இங்கிலாந்தின் மடாலயங்களைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதியை 1655இல் வெளியிட்டார். 1656இல் வந்தது அவருடைய தலைசிறந்த படைப்பு, வார்விக்சயரின் தொன்மைகள். இதில் ஆறுகளின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார். ஒவ்வோர் ஊரிலும் மேனர் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, தேவாலயத்தில் குருவாக இருந்தோர் யாவர், சாளரத்தில் எந்தச் சின்னம் தீட்டப்பட்டிருந்தது என்பனவற்றை ஆவணச் சான்றுடன் கூறுகிறார். ஆட்டு மேய்ச்சலுக்காக நிலங்கள் வேலியடைக்கப்பட்டதனால் குடிகள் நீங்கிப் பாழான ஊர்களையும் அவர் குறிக்கத் தவறவில்லை.

1658இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் வரலாற்றை வெளியிட்டார். அதற்குச் செப்புத் தகட்டில் படங்கள் செதுக்கியவர் பிராகு நகரில் பிறந்த வென்ஸஸ்லாஸ் ஹாலர். எட்டே ஆண்டுகளில், 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் அப்பேராலயம் எரிந்து பாழாயிற்று. பழைய பேராலயம் எவ்வாறு இருந்தது என்பதை இன்று நாம் காண்பது பெரிதும் அந்நூலின் வாயிலாகவே.

டக்டேலின் நூலில் குறையே இல்லை என்று கூறிவிட முடியாது. நிலமுடையோரின் குலவரிசை அதில் பக்கம் பக்கமாக விரிகிறது. நிலத்தை உழுதவரின் பெயர் அரிதாகவே தோன்றுகிறது. ஆயினும் ஆதாரமின்றி எதையும் சொல்லலாகாது என்னும் நெறியை ஊர் வரலாற்றுக்கு வகுத்தளித்தோருள் அவர் முதன்மையானவர். நாட்டிங்காம்சயர் வரலாற்றை எழுதிய ராபர்ட் தோரட்டன், 1677இல் தம் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். 1899இல் தொடங்கிய விக்டோரியா கவுண்டி வரலாற்று வரிசையும், பங்கையும் மேனரையும் அடிப்படையாகக் கொண்டே ஊர்களை ஆராய்ந்தது.

1677இல் டக்டேல் குலச்சின்ன அலுவலர்களின் தலைவராக உயர்ந்து, சர் பட்டமும் பெற்றார். 1686 பிப்ரவரி 10ஆம் நாள், எண்பதாம் வயதில், பிளைத் இல்லத்தில் மறைந்தார். பிறந்த ஊராகிய ஷுஸ்டோக்கின் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அழிவைத் தடுக்கும் ஆற்றல் அவரிடம் இருந்ததில்லை. வாளும் தீயும் வருமுன் எழுதிவிடும் முனைப்பு இருந்தது. காலம் கடந்தபின் வருந்துவோர் பலர். காலத்தே குறித்து வைப்போர் சிலர். அச்சிலருள் ஒருவராக வாழ்ந்தமையே டக்டேலின் பெருமை.